நாலாவது போருக்கு வைத்திருந்த பணம்

ஷேர் தரகனிடம் யாரும் யோசனை கேட்க வருவதில்லை. வீட்டிலேயே எடுத்துவிட்ட முடிவுக்குத் துணைக்கு ஆள் தேடித்தான் வருகிறார்கள். விருதுநகரில் ஆபீஸ் போட்டு உட்கார்ந்திருக்கும் எனக்கு அலுத்துவிட்டது. இதே பிழைப்பில் இருக்கும் சக பாவிகளுக்கு இது புதிதாக இருக்காது.

அடுத்தவன் தோண்டட்டும்

குருசாமி வெம்பக்கோட்டைப் பக்கம் விவசாயி. மானாவாரிக் காட்டில் தண்ணீருக்கு மூன்று போர்வெல் போட்டு மூன்றும் பொய்த்துப்போயின. நாலாவது போருக்குச் சேர்த்த பணத்தோடு என் முன்னால் வந்து உட்கார்ந்தார். கடலுக்குள் எண்ணெய் தேடும் ஒரு கம்பெனியின் பங்கு வேண்டுமாம். அவர்கள் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள், கிடைக்காவிட்டால் பணம் போச்சு என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

"நான் தோண்டித்தான் ஒண்ணும் வரல அண்ணாச்சி. இந்தத் தடவ வேற யாராச்சும் தோண்டட்டுமே."

கிடைத்துவிட்டது

சில மாதம் கழித்து, எண்ணெய் இருப்பதாகக் கம்பெனி அறிவித்தது. விலை எகிறியது. உடனே குருசாமிக்குப் போன் போட்டேன். இருப்பது வேறு, எடுத்தால் கட்டுபடியாவது வேறு, இன்னும் சில கிணறு போட்டுப் பார்த்தால்தான் தெரியும், பாதியையாவது விற்றுவிடுங்கள் என்று கெஞ்சினேன். மனிதர் சிரித்தார்.

"போர்ல தண்ணி வந்த அன்னைக்கே யாராச்சும் மோட்டார விப்பாகளா?"

தீபாவளிக்குள்

அதே பங்கைக் கேட்டு ஏழாயிரம்பண்ணைப் பட்டாசு முதலாளி ஒருவரும் வந்தார். எண்ணெய் எப்போது கரைக்கு வரும் என்றார். எல்லாம் சரியாக நடந்தாலும் பல வருஷம் ஆகும் என்றேன். சீசனுக்குச் சீசன் கணக்கு முடிக்கிறவர், எழுந்துவிட்டார்.

"லோடு ஏத்த அம்புட்டு வருசமா? அப்புறம் எதுக்கு இப்பவே வெடியப் போடுறாக?"

மிச்சம்

அவர் தப்பித்தார், குருசாமி மாட்டிக்கொண்டார். அடுத்துப் போட்ட கிணறுகளில் எண்ணெய் சொற்பம், எடுக்கிற செலவுக்குக் கட்டாது என்று கம்பெனி கைவிரித்தது. போட்டதில் கால்வாசிகூடத் தேறவில்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. ஆபீசுக்கு வந்தவர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, மிச்சத்தை எடுத்துத் தரச் சொன்னார். அந்தப் பணத்துக்குப் போர் பாதி ஆழம்கூட இறங்காது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"போற வரைக்கும் நம்ம காட்டுலயே போடுறேன் அண்ணாச்சி. புழுதி வந்தாலும் நம்ம புழுதியா இருக்கட்டும்."

பூமிக்கடியில் என்ன இருக்கிறதென்று தெரியாத ஒருவரிடம், அது தெரியாத இன்னொருவன் கமிஷன் வாங்குவதற்குப் பெயர்தான் எங்கள் தொழில்.