கதவுக்கு முட்டுக் கொடுத்த பீங்கான்

போன மாரியில் ஒரு காலை நான் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மூன்றரை வயது மகள் வாளிக்குள்ளிருந்த, தலை துவட்டுகிற தன் சின்னத் துவாயை எடுத்து, கொடி தாழ்ந்து தொங்கும் இடத்தில் தானே போட்டாள். அடுத்த நிமிடம் கையை உதறியபடி என்னிடம் வந்தாள்.

"அம்மா, கொடி கடிக்குது."

எங்கள் கொடி ஒரு கட்டுக்கம்பி. ஒரு நுனி மாமரத்தில். மற்ற நுனி, வாசல் படலையடியில் நிற்கும் மின்கம்பத்தை இழுத்துப் பிடிக்கிற சாய்ந்த கம்பியில். அதை ஸ்டே கம்பி என்பார்கள். எங்கள் ஒழுங்கையில், இந்தச் சின்னத் தெரு நெடுக, ஸ்டே கம்பி இறங்கிய வீட்டு வளவுகள் எல்லாவற்றிலும் அதற்கு ஏதோ ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். ஒரு வீட்டில் அதில் ஆடு கட்டியிருக்கும். இன்னொரு வீட்டில் பாகல் படர்ந்திருக்கும். எங்கள் வீட்டில் உடுப்புக் காயும்.

நான் கொடியைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. காலில் றப்பர் செருப்பு இருந்தது. அதைக் கழற்றிவிட்டு, ஈர மண்ணில் நின்று புறங்கையால் தொட்டேன். எறும்பு ஊர்ந்தது போல ஏதோ ஒன்று. மறுபடி தொட்டபோது, அது உண்மையிலேயே இருந்ததா, இருக்கும் என்று நான் எதிர்பார்த்ததால் வந்ததா என்று தெரியவில்லை. என் வியாதியே இதுதான். கண்ணால் கண்டதையும் பத்து நிமிடத்தில் என்னால் சந்தேகிக்க முடியும்.

மாமரத்து முயிறு எறும்பு கடித்திருக்கும் என்றார் கணவர். பிறகு, இதுவரை நான் பயந்தவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டினார்: கிணற்றுக்கு மேல் போட்ட வலை, காய்ச்சல் மருந்துப் பாணியின் அளவு, பிள்ளைகளை ஏற்றுகிற பள்ளிக்கூட வானின் கதவு. எல்லாவற்றிலும் கடைசியில் ஒன்றும் நடக்கவில்லை என்பது உண்மைதான். விறாந்தையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த மாமா, கணவரின் தகப்பன், தலையை நிமிர்த்தாமலே, அந்தக் கம்பி நிலத்துக்குள் போகிற கம்பி, அதில் எங்கே கரண்ட் வரும் என்று கேட்டார்.

இருந்தும் மின்சார அலுவலகத்துக்கு ஒருவருக்கும் சொல்லாமல் போன் எடுத்தேன். நாலாம் நாள் மத்தியானம் ஒரு லைன் வேலையாள் மோட்டார் சைக்கிளில் வந்தார். நாலு நாளும் மழை இல்லை, மண் பொரிந்து கிடந்தது. ஸ்டே கம்பியில் டெஸ்டரை வைத்தார். வெளிச்சம் வரவில்லை. கொடியில் வைத்தார். வரவில்லை. பிறகு அண்ணாந்து கையைக் காட்டி எனக்கு விளங்கப்படுத்தத் தொடங்கினார். கம்பத்தின் தலையில் இருக்கிற இரும்புதான் கம்பிகளைத் தாங்குகிறதாம். இரும்புக்கும் கம்பிக்கும் நடுவில் உள்ள பீங்கான் கோப்பைகள் கரண்டை இரும்புக்கு விடாதாம். ஒழுங்கை திரும்புகிற இடம் என்பதால் நாலு கம்பியும் சேர்ந்து கம்பத்தை ஒரு பக்கம் சரிக்கப் பார்க்குமாம். அதை மற்றப் பக்கம் இழுத்துப் பிடிப்பது மட்டும்தான் ஸ்டேயின் வேலையாம்.

"கரண்டுக்கும் இதுக்கும் கதை பேச்சில்லை, தங்கச்சி," என்றார்.

மாமா சிரித்தார். நானும் சிரித்தேன். நான் சிரித்ததை நினைத்தால் இப்போதும் என் முகம் எரிகிறது.

நான் மானிப்பாயில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வருடாவருடம் கரும்பலகையில் நடுக்கோடு கீறி, ஒரு பக்கம் கடத்தி என்றும் மற்றப் பக்கம் காவலி என்றும் எழுதுகிறவள். செம்பு, அலுமினியம், இரும்பு இந்தப் பக்கம். றப்பர், காய்ந்த மரம், பீங்கான் அந்தப் பக்கம். பிள்ளைகள் அதைப் பார்த்து அழகாகக் கொப்பியில் எழுதுவார்கள். அந்த மனிதர் சொன்னது ஒவ்வொன்றும் சரி. ஆனால் ஒன்றும் என் கேள்விக்குப் பதில் இல்லை. பீங்கான் வெடித்தால்? வெடிப்புக்குள் மழைத்தண்ணீர் போனால்? ஸ்டேயின் தலை அந்த இரும்போடுதானே பூட்டியிருக்கிறது? இவ்வளவும் எனக்குத் தோன்றியது அவருடைய மோட்டார் சைக்கிள் ஒழுங்கை முடக்கால் திரும்பிப் போன பிறகு.

அதற்குப் பிறகும் ஒரு கிழமை அதே கொடியில்தான் உடுப்புப் போட்டேன். சோதித்துப் பார்த்தாயிற்று என்று மாமா சொல்லிவிட்டார். நான் செருப்புப் போட்டுக்கொண்டேன், பிள்ளையை வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினேன். பயமும் இருந்தது, கீழ்ப்படிவும் இருந்தது. இரண்டையும் எப்படி ஒன்றாகச் சுமந்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

எங்கள் ஊர் அளவெட்டியிலிருந்து நான் பள்ளிக்கூடம் போகிற பஸ் ஒரு நாள் ஆள் ஏற்ற ஒரு மின்கம்பத்தடியில் நின்றது. யன்னலுக்கு நேரே ஒரு ஸ்டே கம்பி. அதன் நடுவில், கைக்கு எட்டாத உயரத்தில், ஒரு மண்ணிறப் பீங்கான். முட்டை வடிவம், ஒரு கைப்பிடி அளவு. மேலிருந்து வரும் கம்பி ஒரு துளையால் போய் மடிந்து திரும்பியது. கீழிருந்து வரும் கம்பி மற்றத் துளையால் அப்படியே. இரண்டு கம்பியும் ஒன்றையொன்று தொடவில்லை. பஸ் வெளிக்கிட்டது. அடுத்த ஸ்டேயைப் பார்த்தேன், அதிலும் அந்த முட்டை. அதற்கடுத்ததிலும். மானிப்பாய் வரும் வரைக்கும் ஸ்டே உள்ள கம்பமெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒன்றிலாவது இல்லாமல் இருக்காதா என்று தேடினேன். எல்லாவற்றிலும் இருந்தது.

எங்களுடைய முட்டை எங்கே என்று எனக்குத் தெரியும். அன்று காலைதான் அதைக் காலால் தள்ளிவிட்டு வந்திருந்தேன். மகளின் அறைக் கதவு காற்றுக்கு அடிக்காமல் இருக்க அதைத்தான் முட்டுக் கொடுத்திருந்தோம். அவள் அதை "என்ரை முட்டை" என்றுதான் சொல்லுவாள். சில நாட்களில் அதற்குத் துணி சுற்றி நித்திரையாக்குவாள்.

முதல் பாடம் முடிந்ததும் ஆசிரியர் அறையில் போனில் தேடி வாசித்தேன். மேலே எங்காவது கரண்ட் கசிந்து ஸ்டேக்குள் இறங்கினால், மனிதக் கை எட்டுகிற கீழ்ப்பாதிக்கு அதை விடாமல் அந்தப் பீங்கான் மறிக்கும். பீங்கானே உடைந்தாலும், இரண்டு மடிப்பும் ஒன்றுக்குள் ஒன்று கொளுவியிருப்பதால் கம்பி கழலாது, கம்பமும் சாயாது. இதைச் செய்தவன் பீங்கான் உடைகிற நாளையும் யோசித்திருக்கிறான். நாங்கள் அதைக் கதவுக்கு வைத்திருக்கிறோம்.

அது எப்படி வீட்டுக்கு வந்தது என்பதும் எனக்குத் தெரியும். முந்தின வருடம் கணவர் கார் வாங்கியபோது, அது படலையால் திரும்ப ஸ்டே கம்பி இடைஞ்சலாக இருந்தது. ஒழுங்கையில் வேறு வேலையாக லைன் ஆட்கள் வந்திருந்தார்கள். மாமா போய், தம்பியவை, இதைக் கொஞ்சம் தள்ளி நட்டுத் தாங்கோ என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். வேலைக்கு வந்தவர்களிடம் தேத்தண்ணியோடு ஒரு சின்ன உதவி கேட்காவிட்டால் வீட்டுக்காரர் கெட்டிக்காரர் இல்லை. தள்ளி நடக் கம்பி நீளம் போதவில்லை. புதுக்கம்பிக்குக் கடிதம் எழுத வேண்டும், ஸ்டோருக்குப் போக வேண்டும். அதனால் முட்டையைக் கழற்றினார்கள். மடித்துக் கட்டியிருந்த இரண்டு நுனியையும் நீட்டி நேரே சேர்த்துப் பூட்டினார்கள். நீளம் சரியாக வந்தது. தேத்தண்ணியும் வடையும் கொண்டுபோய்க் கொடுத்தது நான். அவர்களில் ஒருவர், "இந்தாங்கோ குஞ்சு, விளையாடுங்கோ," என்று அந்த முட்டையை மகளின் கையில் கொடுத்தார். முட்டை தந்த மாமாவுக்கு நன்றி சொல்லுங்கோ என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான்.

பின்னேரம் வீட்டுக்கு வரும்போது மழை பெய்து ஓய்ந்திருந்தது. நேரே மாமாவிடம் போய்ச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது அந்த இடத்தில்தான். அந்தப் பொருளுக்கு ஒரு வேலை இருந்தது என்று அவருக்கு அப்போதே தெரியும். அந்த லைன் பொடியன்கள் அவரிடம் சொல்லித்தான் கழற்றியிருக்கிறார்கள்.

"பிள்ளை, உந்தக் கதையை இப்ப கிளறாதை," என்றார். "செய்து தந்த பொடியளுக்கெல்லோ வேலை போகும்."

நான் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். யோசித்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தில்தான், மழையில் நனைந்து கொடியிலேயே கிடந்த தன் துவாயை எடுக்க மகள் வெறுங்காலோடு முற்றத்தில் இறங்கியிருக்கிறாள். முதலில் ஒரு சத்தமும் இல்லை. திரும்பிப் பார்த்தபோது அவள் சேற்றில் பின்பக்கமாக விழுந்து கிடந்தாள். வாய் திறந்திருந்தது, அழுகை வரவில்லை. பிறகு வந்தது. அந்த இடைவெளியை நான் எந்த நாளும் மறக்கமாட்டேன், மன்னிக்கவும் மாட்டேன். யாரை என்று கேட்டால், வரிசையில் முதலாவதாக என்னைத்தான்.

தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நெஞ்சில் வயர்களை ஒட்டி இதயத் துடிப்பைப் பார்த்தார்கள், இரண்டு மணித்தியாலம் வைத்திருந்தார்கள், ஒன்றுமில்லை என்று விட்டார்கள். வரும் வழியில் கணவர் முயிறைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

அடுத்த நாள் லீவு போட்டேன். முட்டையைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு மின்சார அலுவலகத்துக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் முறைப்பாட்டை எழுதித் தரச் சொன்னார், முன்பே ஒரு தரம் ஆள் வந்து பார்த்திருக்கிறதே என்றார். நான் முட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் அதை உருட்டிப் பார்த்தார்.

"இது எங்கடை சாமானெல்லோ. உங்கடை வீட்டை எப்பிடி வந்தது?"

கள்ளியிடம் கேட்கிற மாதிரிக் கேட்டார். நான் முட்டையை அவர் பக்கம் தள்ளினேன்.

"உங்கடை ஆக்கள்தான் கழட்டி என்ரை பிள்ளைக்கு விளையாடத் தந்தவை. நேற்று அவளுக்குக் கரண்ட் அடிச்சது. உங்கடை சாமானை அது இருக்கவேண்டிய இடத்திலை கொண்டுபோய்ப் பூட்டுங்கோ. அதுவரைக்கும் நான் இந்தக் கதிரையிலை இருக்கிறன்."

இருந்தேன். இருந்தபடியே, அந்தப் பொடியன்களுக்கு உண்மையிலேயே வேலை போய்விடுமோ என்றும் யோசித்தேன். அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கும். கோபத்திலும் என்னால் முழுதாகக் கோபப்பட முடிவதில்லை. ஆனால் எழும்பவில்லை. அவர் போனை எடுத்தார்.

மத்தியானத்துக்கு முன் வாகனம் வந்தது. வந்தது அதே லைன் வேலையாள், கூட இரண்டு பேர். கரண்டை நிற்பாட்டி, ஏணி வைத்து ஏறினார். மேலிருந்து ஒரு பீங்கான் கோப்பையைக் கழற்றிக்கொண்டு வந்து என் முன்னால் நீட்டினார். விளிம்பிலிருந்து துளை வரை வெடிப்பு. வெடிப்பு நெடுகக் கறுத்திருந்தது.

"மழைக்குத்தான் காட்டும், டீச்சர். காய்ஞ்சால் ஒண்டும் தெரியாது."

போன கிழமை நான் தங்கச்சி, இன்றைக்கு டீச்சர். அன்றைக்கு ஸ்டேயில் முட்டை இல்லாததை அவர் கவனித்தாரா என்று கேட்டேன். கம்பியையே பார்த்துக்கொண்டு, "பாக்கேல்லை," என்றார். இந்த முழு விஷயத்திலும் எனக்குக் கிடைத்த ஒரே நேர்மையான பதில் அதுதான்.

கோப்பையை மாற்றினார்கள். புதுக்கம்பி இழுத்து, அதன் நடுவில் முட்டையைக் கோத்து, ஸ்டேயைப் பழைய இடத்திலேயே நட்டார்கள். நான் தேத்தண்ணி கொடுக்கவில்லை. படலையால் திரும்ப முடியாததால் கார் இப்போது ஒழுங்கையில் நிற்கிறது. அதில் ஒவ்வொரு கீறல் விழும்போதும் கணவர் என்னைப் பார்க்கிறார். நான் கீறலைப் பார்க்கிறேன்.

மாமா இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை. பிறகு ஒரு காலை, நான் வாளியோடு முற்றத்தில் நின்றபோது, மாமரத்துக்கும் வேம்புக்கும் நடுவில் நான் கட்டிய நைலோன் கயிற்றில் வெயில் படுகிறதில்லை, உடுப்புப் புழுங்கி மணக்கிறது என்றார். எல்லாம் திருத்தியாயிற்றுத்தானே, கொடியைப் பழையபடி ஸ்டேயில் கட்டினால் என்ன என்று கேட்டார்.

"கட்டுங்கோ, மாமா," என்றேன். "கட்டிப்போட்டு, செருப்பைக் கழட்டிட்டு, முதல் துவாயை நீங்களே ஈரத்தோடை போடுங்கோ."

அவர் வாளியைப் பார்த்தார். ஸ்டேயைப் பார்த்தார். பேப்பரை எடுத்துக்கொண்டு விறாந்தைக்குப் போனார். நான் நைலோன் கயிற்றில் மகளின் துவாயை விரித்துப் போட்டேன்.