தனியே சாப்பிடலாமா என்று கேட்க ராயபுரம் போனது

ராயபுரத்துக்கு நான் போனது ஊர் பார்க்க அல்ல, ஒரு கேள்வி கேட்க. சுதந்திரம் வந்து மூன்றாம் வருஷம். என் மனைவி மவுத்தாகி ஆறு மாதம் ஆகியிருந்தது. எங்கள் பழவேற்காட்டில் சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்துதான் சாப்பாடு. அவளும் நானும் ஒரே சஹனில்தான் உண்போம். அவள் போன பிறகு எனக்கு டீயும் பன்னும்தான்.

"தனியா உக்காந்து திங்கிறது ஆகாதுன்னு குர்ஆன்லயே கீது. வூட்டைப் பூட்டிட்டு எங்களோட வந்துடு தம்பி" என்று அண்ணன் நச்சரித்தார். அது உண்மையென்றால் அவள் புழங்கிய வீட்டை விட வேண்டும். எனக்கு மனசில்லை.

விடியற்காலையில் கால்வாய்ப் படகு ஏறினால் உச்சிக்கு முன் எண்ணூர். உப்பு மூட்டைகளோடு நான் ஒருவன்தான். அங்கிருந்து ரயிலில் திருவொற்றியூர், தண்டையார்பேட்டை தாண்டி ராயபுரம், முக்கால் மணி நேரம். ஜன்னலோரம் உட்காராதீர்கள், கரித்தூள் அப்பும். என் முகமெல்லாம் கரி. சொல்ல ஆளில்லாமல் இறங்கும்வரை தெரியவில்லை.

"இன்னா பாய், ஒண்டியா வந்துகீறே? வூட்ல யாரும் இல்லியா?" என்றார் கைரிக்‌ஷாக்காரர். சும்மா கேட்டதுதான். மதரசாவுக்கு விடச் சொன்னேன்.

மதரசாவில் ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத் என்னைவிட இளையவர். கேட்டதும் சிரித்துவிட்டார்.

"உங்க அண்ணன் தலைகீழா சொல்லிக்கீறாரு. அந்தக் காலத்து அரபுங்க சில பேர் தனியா சாப்புடறதைக் குத்தம்னு நெனச்சு, விருந்தாளி வர்ற வரைக்கும் பட்டினி கெடந்தாங்க. அதுல குத்தமில்லன்னு சொல்லத்தான் குர்ஆன்ல அந்த ஆயத்தே எறங்குச்சு."

"மாற்றிச் சொன்னவர்கள் உண்டா?" விடாமல் கேட்டேன்.

"யாருக்காக எறங்குச்சுன்றதுல ஆளுக்கொரு பேச்சு கீது. சேந்து துன்னா பரக்கத்து, அல்லாவோட அருள் கூடும், அது வேற. ஆனா தனியா துன்னா பாவமில்லன்றதுல விளக்கம் எழுதின யாருக்கும் மாத்துப் பேச்சே இல்ல பாய். அறிஞருங்க அத்தினி பேரும் ஒத்துக்கினா அதான் இஜ்மா."

வீடு தப்பித்தது. கடற்கரைப் பக்கம் கொஞ்சம் நடந்தேன். இந்த நல்ல செய்தியைச் சொல்ல வேண்டியவள்தான் இல்லை.

போகிறவர்களுக்கு ஒன்று: மாலைப் படகை விட்டால் எண்ணூரில் தங்க இடம் கிடைப்பது கஷ்டம். கட்டுச்சோறு எடுத்துப் போங்கள். தனியே தின்னலாம், குற்றமில்லை.

மறுநாள் பகலில் சோறாக்கி, பழக்க தோஷத்தில் சஹனிலேயே கொட்டினேன். என் பக்கத்தைத் தின்று முடித்தேன். அவள் பக்கத்துச் சோறு அப்படியே இருந்தது. அதை என்ன செய்வதென்று ஹஜ்ரத்திடம் கேட்காமல் வந்துவிட்டேன்.