வளைந்து போன வாய்க்கால்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாங்கிளாஸோடு சரி. மறதியும் சேர்ந்துகொண்டது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அஞ்சாவது முடிந்த லீவு. பொன்மலையில் ரயில்வே வேலையில் இருந்த மாமாவுக்கு இரட்டைக் குழந்தை பிறந்திருந்தது. குழந்தைகளைப் பார்க்க அம்மாவையும் என்னையும் கூட்டிப்போக அவரே ஸ்ரீரங்கம் வந்தார். நாலு நாள் விருந்துக்கு என் பாவாடை சட்டை அத்தனையையும் அம்மா பையில் எடுத்து வைத்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆறாவது போக எனக்குக் கொள்ளை ஆசை. அப்பா வேண்டாம் என்றிருந்தார். பஸ் ஏறியதும் மாமா சீண்டினார்.

“என்ன மருமகளே, வழியில வர்ற தண்ணிக்கெல்லாம் இங்கிலீஷ்ல பேர் சொல்லு. தப்பில்லாம சொல்லிட்டா உங்கப்பாகிட்ட நானே பேசறேன்.”

அண்ணன் சொல்லிக்கொடுத்திருந்தான். தானாக ஓடினால் ரிவர், வெட்டி விட்டால் கெனால். தானாகத் தேங்கினால் பாண்ட், படி கட்டியிருந்தால் டேங்க். காவேரிப் பாலத்தில் ஏறும்போதே “ரிவர்” என்று கத்தினேன்.

“மணல்தானேடி கிடக்கு?”

“ஆடியில வந்துடும் மாமா.”

ஒத்துக்கொண்டார். மலைக்கோட்டைத் தெப்பக்குளத்துக்கு “டேங்க்” என்றேன். அதுவும் சரி.

பாலக்கரைப் பக்கம் உய்யக்கொண்டான் வந்தது. கரையெல்லாம் மரம், வளைந்து வளைந்து போகிறது. “ரிவர்!” என்றேன்.

“போச்சு! அது ராஜா காலத்துல வெட்டின வாய்க்கால்டி. கெனால்.”

“வெட்டறவங்க எதுக்கு மாமா கோணலா வெட்டப்போறாங்க?”

பஸ்ஸே சிரித்தது. “பாப்பா கேக்கறது நியாயந்தானே சார்!” என்றார் கண்டக்டர். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வாசலுக்கு வந்த அத்தை, “வந்துட்டியா கண்ணு” என்று என் பையை வாங்கிப் போனாள். அலமாரியில் எனக்கென்று ஒரு தட்டு ஏற்கெனவே காலியாக இருந்தது. கூடத்தில் இரண்டு தூளி.

நாலு நாள் கழித்து அம்மா மட்டும் ஊருக்குப் போனாள். நான் ஒரு கையால் ஒரு தூளியையும் மறு கையால் இன்னொன்றையும் ஆட்டிக்கொண்டு, ஒரு வாய்க்காலில் ஆறாவதைக் கோட்டைவிட்டேனே என்று அழுதேன். உய்யக்கொண்டானைத் திட்டித் தீர்த்தேன். அன்றைக்கு நான் கெனால் என்றே சொல்லியிருந்தாலும் அந்தத் தூளிகளை வேறு யார் ஆட்டியிருப்பார்கள் என்று அப்போது யோசிக்கத் தெரியவில்லை.

இப்போது என் பேத்தி உய்யக்கொண்டானைச் சேனல் என்கிறாள். கெனாலா, சேனலா? மாமா சொன்னதாவது சரிதானா என்று விவரம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.