அக்காவின் மூன்று விரல்களும் என் பழைய கணினியும்

அக்காவை மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து விஸ்வநத்தம் வீட்டுக்குக் கூட்டி வந்தபோது, அவள் இடக்கையில் மூன்று விரல்கள்தான் சொன்னபடி கேட்டன. வலக்கை விரல்கள் ஒட்டிச் சுருங்கிப்போயிருந்தன. பட்டாசுக் கம்பெனியில் அவளும் அவள் தோழியும் ஒரே அறையில் திரி செருகிக்கொண்டிருந்தார்கள். வெடித்தபோது அக்கா வாசலோரம் இருந்தாள். தோழி சுவரோரம். அவள் இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தாள்.

அம்மா காலையிலேயே தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போய்விடுவாள். நான் வீட்டிலிருந்தே இணையதள வேலை பார்ப்பவன் என்பதால், பகல் முழுக்க நானும் அக்காவும்தான்.

ஒருநாள் அக்கா சொன்னாள்: "இப்படியே கெடந்தா பைத்தியம் பிடிச்சிரும்லே. எதாச்சும் வேலை குடு."

பன்னிரண்டாம் வகுப்பு படித்தவள், பிழையில்லாமல் எழுதுவாள். சிவகாசியில் எனக்குத் தெரிந்த ஓர் அச்சகத்தில் கேட்டேன். நாள்காட்டி சீசன், பிழை திருத்த ஆள் வேண்டும் என்றார்கள். மூலத்தை ஒரு விண்டோவிலும் தட்டச்சு செய்ததை இன்னொன்றிலும் வைத்து ஒப்பிட வேண்டும். ஆனால் அவளால் மவுஸைப் பிடிக்க முடியவில்லை. இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அமுக்கவும் முடியவில்லை.

என் பழைய கணினியில் லினக்ஸ் போட்டு, விண்டோக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காத மென்பொருள் ஒன்றை நிறுவினேன். அதில் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் நீளமான வரிசையாக நிற்கும். திரையில் ஒரு பகுதிதான் தெரியும்; மிச்சத்தை இடமோ வலமோ நகர்த்திப் பார்க்க வேண்டும். எந்தப் பொத்தானுக்கு என்ன வேலை என்பதை ஒரு கோப்பில் நாமே எழுதிக்கொள்ளலாம். எண்பலகையில் நான்கை அமுக்கினால் இடம், ஆறை அமுக்கினால் வலம், ஐந்தை அமுக்கினால் விண்டோ திரை முழுக்க விரியும் என்று எழுதினேன். விண்டோக்கள் வழுக்கிக்கொண்டு போவது அவளுக்குத் தலைசுற்றலைத் தந்தது. அந்த அசைவை நிறுத்தினேன். முழங்கை மவுஸில் பட்டால் வேறு விண்டோவுக்குத் தாவியது, அதையும் நிறுத்தினேன். என் வேலைக்கென்று அவள் வரிசைக்குக் கீழே தனி வரிசை வைத்துக்கொண்டேன். பத்து நாள் அந்தக் கோப்போடுதான் கிடந்தேன். உண்மையில், அவள் புண்ணைப் பார்ப்பதைவிட அது எளிதாக இருந்தது.

அந்த நாட்களில்தான் தோழி இறந்துபோனாள்.

"இப்பச் சொல்லாதலே. ரணம் ஆறட்டும்" என்றாள் அம்மா.

அக்கா தினமும் கேட்பாள். வார்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்றேன். கஞ்சி குடித்தாள் என்றேன். ஒரு பொய்க்கு அடுத்த பொய் தானாக வந்தது.

தோழியின் அண்ணன் கண்ணீர் அஞ்சலி போஸ்டரை அனுப்பி, எழுத்துப் பிழை பார்த்துத் தரச் சொன்னார். அவசரத்தில் அதை அக்காவின் வரிசையிலேயே திறந்துவிட்டேன். போன் வந்தது, அக்கா கண்ணில் படாமலிருக்க வரிசையை நாள்காட்டிக்கு நகர்த்திவிட்டு எழுந்து போனேன். திரும்பி வந்தபோது திரையில் நாள்காட்டிதான் இருந்தது. போஸ்டர் கண்ணில் படாததால் மறந்தே போனேன்.

மறுநாள் காலை மருந்துக்கடைக்குப் போய்விட்டு வந்தேன். அக்கா கணினிமுன் உட்கார்ந்திருந்தாள். திரை முழுக்கப் போஸ்டர். திருவிழாவில் இருவரும் சேர்ந்து எடுத்த படத்திலிருந்து தோழியை மட்டும் வெட்டிப் போட்டிருந்தார்கள். ஓரத்தில் அக்காவின் தோள் கொஞ்சம் தெரிந்தது.

"எத்தன நாளாச்சு?"

"பதினோரு நாள்."

"நேத்துக்கூடக் கஞ்சி குடிச்சான்னுதானலே சொன்ன?"

அவள் அழவில்லை. போஸ்டர் பக்கம் திரும்பி, "கிழமை தப்பா இருக்கு. பதினாறாம் நாள் வெள்ளிக்கிழமைல்ல வருது. வியாழன்னு போட்டிருக்காக" என்றாள்.

நான் திருத்துகிறேன் என்று குனிந்தேன். முழங்கையால் என்னைத் தள்ளினாள். அந்த மூன்று விரல்களால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, அச்சகத்துக்கு அனுப்புவதுபோலவே திருத்தத்தை எழுதி முடித்தாள்.

வெள்ளிக்கிழமை ஆட்டோவில் நாரணாபுரத்துக்கு, தோழி வீட்டுக்குப் போனோம். தோழியின் அம்மா வாசலுக்கு ஓடி வந்தார். கட்டிப்பிடிக்க நீட்டிய கைகளை, அக்காவின் கழுத்துப் புண்ணைப் பார்த்ததும் மடக்கிக்கொண்டார்.

"கடைசி வரைக்கும் ஒன்னயத்தான் தாயி கேட்டா. எப்படி இருக்கா, எப்படி இருக்கான்னு."

"என்ன சொன்னீக?" என்றாள் அக்கா.

"நல்லா இருக்கான்னு சொன்னோம்."

அக்கா அப்போதுதான் அழுதாள்.

நாள்காட்டி வேலையை அவள் விடவில்லை; வேகமும் கூடியது. ஆனால் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்வதை நான் விளக்க வாயெடுத்தால், "நீ செத்த நேரம் வெளிய இரு. நான் அவுககிட்டயே கேட்டுக்கிறேன்" என்பாள். நான் வராந்தாவில் போய் நிற்பேன்.