அரசாங்கம் காத்த கழுதைக் கொட்டில்

மன்னார்ப் பட்டினத்தில் கோட்டைக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த எங்கள் வீடு அந்தக் காலத்து ஒல்லாந்தர், டச்சுக்காரர், கட்டியது. அதன் அருமையைக் கொழும்பிலிருந்து பழங்கட்டடங்களைப் பார்க்கும் ஒரு வெள்ளைக்காரத் துரை வந்து சொல்லும்வரை எங்களுக்குத் தெரியாது. மழைக்கு ஏழு இடத்தில் ஒழுகும் என்பதுதான் தெரியும். துரை வாசலில் ஒரு பலகை அடித்தார். இனி ஒரு கல்லை அசைத்தாலும் குற்றம். வீட்டைக் காப்பாற்றிவிட்டார்கள், உள்ளே இருந்த எங்களைப் பற்றிப் பலகையில் ஒன்றும் இல்லை.

அந்த நேரம் பார்த்து என் மூத்த சகோதரி ராத்தாவுக்கு முசலிப் பக்கம் கல்யாணம் பேசி முடிந்திருந்தது. எங்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அவருக்கென்று ஓர் அறை வேண்டும். முற்றத்துக் கழுதைக் கொட்டிலை இடித்து அங்கே அறை கட்டுவதாக வாப்பா வாக்குக் கொடுத்திருந்தார். பேசாலையிலிருந்து கருவாடு சுமந்துவரும் கழுதைகளுக்காக அவரே மூன்று வருடத்துக்கு முன் கட்டிய கொட்டில். கல் மட்டும் கோட்டையின் இடிந்த மதிலிலிருந்து, யாரும் பார்க்காத நேரத்தில் வந்தது.

துரை அந்தக் கல்லைத் தடவிப் பரவசப்பட்டார்.

"இதுவும் ஒல்லாந்தர் காலமோ எண்டு துரை கேக்கிறார்," என்றார் மொழிபெயர்க்கக் கூட வந்த அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கர்.

கல் திருடியவன் என்று மறியலில் போய்க் கம்பி எண்ணுவதா? வாப்பா யோசிக்கவேயில்லை. "ஓம் துரை. எங்கட மூத்தவாப்பா காலத்திலயும் இஞ்சதான் நிண்டது."

கொட்டிலுக்கும் ஒரு பலகை கிடைத்தது.

அறை எப்போது எழும்பும் என்று மாப்பிள்ளை வீட்டார் ஆள் அனுப்பத் தொடங்கினார்கள். ராத்தா வாப்பாவிடம் சொன்னது ஒன்றுதான். "அல்லாவுக்காக உண்மையச் சொல்லுங்கோ வாப்பா." அதற்கான தைரியம் வர அவருக்கு நாலு மாதம் பிடித்தது. அந்த நாலு மாதமும் எனக்கு அவர்மீது வந்த கோபம் இன்றும் முழுதாக ஆறவில்லை.

துரை மறுபடி வந்தபோது வாப்பா தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் போய் நின்றார். "கொட்டிலக் கட்டினது நான்தான். கல்லும் கோட்டையில களவெடுத்தது. என்ன மறியலில போடுங்கோ. அத இடிக்க விடுங்கோ."

கிளாக்கர் இங்கிலீசில் சொன்னார். துரை சிரித்தார், வாப்பாவின் தோளில் அன்பாகத் தட்டவும் செய்தார்.

"துரை நம்பயில்ல," என்றார் கிளாக்கர். "இப்பிடி வேலை செய்ய இப்ப ஒருத்தருக்கும் தெரியாதாம். உங்கட ஆக்களுக்குப் பழசின்ர அருமை விளங்காதாம்."

அந்த மாதமே முசலிக்காரர் வேறு பெண் பார்த்தார்கள். கழுதைகள் அரசாங்கப் பாதுகாப்பில் சுகமாக இருந்தன. ராத்தா அவற்றுக்குத் தண்ணீர் வைப்பதை நிறுத்தினாள், வாப்பாவோடு பேசுவதையும்.