பந்துவீச்சாளருக்கு ஓர் அருச்சனை

பேஸ்போல் இல்லாத குளிர்காலம் எனக்கு எரிச்சலானது. என் அபிமான அமெரிக்க அணி நவம்பர் முதல் ஒரு நல்ல ஆட்டக்காரரைக்கூட எடுக்கவில்லை. இருக்கிற ஒரே நல்ல பந்துவீச்சாளராவது போய்விடக்கூடாதென்று, பிறந்த தேதியை வைத்து அவருடைய நட்சத்திரத்தைக் கணித்து, லண்டன் கோயிலில் அருச்சனை செய்வித்தேன். செவ்வாய்க்கிழமை காலை அவர் எதிரணியில் சேர்ந்த செய்தி வந்தது.

"துரோகி!" என்று கத்தி, போனைச் சோபாவில் எறிந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் பை அடுக்கிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். "நாளைக்கு எனக்கு முழங்கால் ஒபரேஷன். என்ர பேரில அருச்சனை செய்விச்சனீங்களோ?"

"நீர் கேக்கேல்லையே."

"அவன் கேட்டவனோ?"

அணி நிர்வாகத்தை மன்னித்துவிட்டேன். மனைவியின் பேரில் அருச்சனை செய்விக்க மறந்த என்னைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை.