அவள் புண் முதலில் ஆறியது

பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் பீஸை விரித்துப் போட்டு ஓட்டை எங்கே, எண்ணெய்க் கறை எங்கே, தையல் விட்டது எங்கே என்று தேடுவதற்குத்தான் சம்பளம். வருஷக்கணக்காகக் குற்றம் கண்டுபிடித்தே பழகிய கண், ஆஸ்பத்திரிக்குப் போனால் மட்டும் சும்மா இருக்குமா?

இரண்டாயிரத்து ஆறு வாக்கில் மார்பில் புற்றுநோய்க் கட்டி என்று கோயம்புத்தூரில் எனக்கு ஆபரேஷன் நடந்தது. பக்கத்துக் கட்டிலில் பல்லடம் பக்கத்துப் பெண் ஒருத்தி. அவளுக்கும் அதே நோய், ஆபரேஷனும் அதே நாளில்தான். திருப்பூரில் வேறொரு கம்பெனியில் டெய்லர். என்னைவிடச் சின்னவள். கட்டுப் பிரித்த அன்று குனிந்து தன் தையலைப் பார்த்தாள், எட்டி என்னுடையதையும் பார்த்தாள்.

"ஏனுங்கக்கா, எனக்கு பிளாட்லாக் அடிச்சுட்டாங்க, உங்களுக்கு ஓவர்லாக்குங்களா?" என்று கேட்டு, நர்ஸ் அதட்டும் வரைக்கும் சிரித்தாள்.

பிளாட்லாக் தையல் துணியோடு படிந்து கிடக்கும், ஓவர்லாக் துருத்திக்கொண்டு நிற்கும். அவள் சொன்னது உண்மைதான். அதனால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பத்து நாளில் அவளுக்குத் தையல் பிரித்தார்கள். கோடு கிழித்த மாதிரி சேர்ந்திருந்தது. எவ்வளவோ உற்றுப் பார்த்தும் ஒரு குறை எனக்குக் கிடைக்கவில்லை. என் புண்ணோ ஓரத்தில் வாய் திறந்து நீர் வடித்துக்கொண்டிருந்தது. ஆறினால்தான் கீமோ ஊசி என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுக்கு ஊசி தொடங்கியாயிற்று. எனக்குத் தள்ளித் தள்ளிப் போனது. உள்ளே மிச்சம் மீதி இருந்து மறுபடி வளர்ந்துவிடுமோ என்று பயந்தேன். அந்தப் பயத்தையும் அவள் மேல் எரிச்சலாகத்தான் காட்டத் தெரிந்தது.

எனக்கு மட்டும் ஏன் ஆறவில்லை என்று கட்டு மாற்றும் டாக்டரம்மாவிடம் கேட்டேன். சர்க்கரை, ரத்தக்குறைவு என்று நாலைந்து காரணம் சொன்னார். காயம் பட்ட இடத்துக்கு ரத்தத்தின் தட்டணுக்கள் முதலில் ஓடிவந்து செரோடோனின் என்ற பொருளைக் கொட்டுமாம். அது ரத்தக்குழாயைச் சுருக்குமாம், புதுச் சதை வளரவும் உதவுமாம். மூளைக்குள் நம் மனநிலையோடு சம்பந்தப்பட்டதும் அதே பொருள்தானாம்.

"சில கட்டிகளும் வளர்றதுக்கு அதைப் பயன்படுத்திக்கும்னு சொல்றாங்க. இன்னும் முழுசாத் தெரியலைம்மா" என்றார்.

இந்தக் கடைசிப் பேச்சுதான் எனக்கு இனித்தது.

கட்டு மாற்றிக்கொண்டு ஊர் திரும்பும் பஸ்ஸில், ஊசி போட வந்திருந்த அவளும் இருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"செரோடோனின்னு ஒண்ணு இருக்காம் பிள்ள. சிரிக்கிறவங்களுக்கு அது நெறைய ஊறுமாம். அதான் ஒனக்குப் புண்ணு சீக்கிரம் ஆறிருச்சு. ஆனா கட்டிக்கும் அதுதான் தீனியாம். டாக்டரம்மாவே சொன்னாக."

சிரிப்பைப் பற்றி டாக்டரம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது என் சொந்தச் சரக்கு. திருப்பூர் வரும்வரை அவள் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. எனக்கு வயிறு குளிர்ந்துபோனது.

மூன்று வாரம் கழித்து என் புண்ணும் ஆறியது. அடுத்த திங்கட்கிழமை ஊசி என்று சொன்னார்கள். சந்தோஷத்தில் நர்ஸிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு வெளியே வந்தேன். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஊசிக்குக் காத்திருந்த அவள், பதறி எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள்.

"சிரிக்காதீங்கக்கா. இப்பத்தானுங்க உங்களுக்கு ஆறியிருக்குது. நானெல்லாம் ஊட்ல டிவி கூடப் போடறதில்லீங்க. பாப்பா ஏதாச்சும் பண்ணுனா சிரிப்பு வந்துருதுன்னு, அவளையும் எங்கம்மா ஊட்ல உட்டுட்டேனுங்க."

பாப்பாவுக்கு நாலு வயசு. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"பொய் பிள்ள. சிரிப்பைப் பத்தி டாக்டரம்மா ஒண்ணுமே சொல்லல. நானாச் சொன்னேன். ஒனக்கு ஆறுனது எனக்குப் பொறுக்கல. இன்னைக்கே போய்ப் பாப்பாவக் கூட்டிட்டு வா."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவள் கையை விடவில்லை.

"அப்ப நீங்க சிரிக்கலாமுங்களாக்கா?" என்றாள்.

முதலில் என்னைப் பற்றித்தான் கேட்டாள். அந்த மனசைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.